புற்றுநோய் வார்டில் இரவுப் பணி: மருத்துவரை எழுப்பத் தயங்கிய ஒரு மணி நேரமும், நோயாளியிடம் சொன்ன ஒரு பொய்யும்

நொய்யல் (கேள்வி)

மூத்த செவிலியர் அனைவருக்கும் வணக்கம்.

பி.எஸ்சி. நர்சிங் முடித்து, கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் புற்றுநோய் வார்டில் எட்டு மாதங்களாகப் பணியாற்றுகிறேன். 22 படுக்கைகள் உள்ள வார்டில் இரவில் நாங்கள் இருவர். இரவு 8 மணிக்கு ஓவர் (வார்டுப் பொறுப்பு) எடுத்தால் காலை 8 மணிக்குத்தான் ஓவர் கொடுப்போம். தொடர்ந்து ஆறு இரவுகள் முடிந்த பிறகு இரண்டு நாள் நைட் ஆஃப். வேலையின் சுமையைப் பற்றி முறையிட நான் வரவில்லை. போன மாதம் ஒரே வாரத்தில் நடந்த இரண்டு சம்பவங்கள் என்னை இன்னும் விடவில்லை. அவற்றை உங்கள் முன் வைத்துக் கேட்க விரும்புகிறேன்.

முதலாவது, 11ஆம் படுக்கையில் இருந்த 52 வயது அம்மா. ரத்தப் புற்றுநோய்க்கான கீமோ முடிந்து அன்று பத்தாம் நாள். பின்னிரவு 2.40க்குக் குளிர்கிறது என்று அழைத்தார். காய்ச்சல் 101.2, நாடித்துடிப்பு 118, ரத்த அழுத்தம் 104/66, மூச்சு நிமிடத்துக்கு 24, ஆக்சிஜன் அளவு 97. அதற்கு முந்தைய இரவில்தான் வேறொரு நோயாளிக்காக டூட்டி டாக்டரை எழுப்பி, "இதற்கெல்லாமா கூப்பிடுவாய்?" என்று நான் திட்டு வாங்கியிருந்தேன். ஆகவே கேஸ் ஷீட்டில் ஏற்கெனவே எழுதியிருந்த பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். 3.40க்குப் பார்த்தபோது காய்ச்சல் 99.6க்கு இறங்கியிருந்தது. அந்த எண்ணைப் பார்த்து நிம்மதியடைந்த மறுநொடி அவருடைய கையைத் தொட்டேன், சில்லிட்டிருந்தது. ரத்த அழுத்தம் 84/50, நாடி 136. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடினார். பிறகுதான் மருத்துவரை அழைத்தேன். ஆன்டிபயாட்டிக் உடலுக்குள் போகும்போது மணி 4.25. ஐ.சி.யூ.வில் ஐந்து நாள் இருந்து பிழைத்து வந்தார். வார்டுக்குத் திரும்பியதும் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

இரண்டாவது, 6ஆம் படுக்கையில் இருந்த ஒரு பெரியவர். இரைப்பைப் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. வயிற்றுப்புண் என்று மட்டும் சொல்லுங்கள் என்று அவருடைய மகன் எங்கள் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் பின்னிரவில், மகன் கட்டிலுக்கடியில் பாயில் தூங்கிக்கொண்டிருக்க, டிரிப் மாற்றப் போன என்னிடம் அவர் மெதுவாக, "அம்மிணி, எனக்கு வந்திருக்கறது என்னன்னு நெசமாச் சொல்லு. நான் பொழைப்பனா?" என்றார். "ஒண்ணுமில்லீங்க ஐயா, சரியாயிடும், தூங்குங்க" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன்பின் நான் போகும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறார். தூங்கவில்லை என்பது தெரிகிறது.

பகலில் இவ்விரண்டுமே வேறு யாராவது தீர்த்துவைக்கும் விஷயங்கள். இரவில் நான்தான் இருக்கிறேன். எழுப்புவதா வேண்டாமா என்பதை எப்படி முடிவு செய்கிறீர்கள்? அப்படிக் கேட்பவருக்கு என்ன பதில் சொல்கிறீர்கள்?


வைகைக்கரை

அன்புத் தங்கைக்கு,

21 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். அதில் 14 ஆண்டுகள் அரசு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில். உன் இரண்டாவது கேள்விக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் பதில் சொல்லட்டும். முதல் கேள்விக்கு நான் வருகிறேன். உன்னைத் தேற்றுவதற்காக மட்டும் எழுதவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கீமோ முடிந்து பத்தாம் நாள் என்று எழுதியிருக்கிறாய் அல்லவா, அந்த ஒரு தகவல் போதும். பெரும்பாலான கீமோ மருந்துகளுக்குப் பிறகு ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரைக்குள் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். ரத்தப் புற்றுநோய் என்றால் அது இன்னும் நீளும். கிருமியோடு போராடும் வெள்ளணுக்களான நியூட்ரோபில்களின் எண்ணிக்கை 500க்குக் கீழே போன உடம்பில் கிருமி நுழைந்தால் சண்டையிட ஆளில்லை. சண்டை இல்லாததால் சண்டையின் அடையாளங்களும் இல்லை. சீழ் பிடிக்காது, எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிவாகத் தெரியலாம், சிறுநீர்ப் பாதையில் தொற்று இருந்தும் சிறுநீரில் சீழணுக்கள் தென்படாமல் போகலாம். நமக்குக் கிடைக்கிற ஒரே தகவல் காய்ச்சல்தான். ஒரு முறை 101ஐத் தொட்டாலும், 100.4லேயே ஒரு மணி நேரம் நின்றாலும், அது அவசரநிலை. காய்ச்சலைக் கண்ட நேரத்திலிருந்து 60 நிமிடத்துக்குள் முதல் ஆன்டிபயாட்டிக் நரம்பில் இறங்கியிருக்க வேண்டும். பொது மருத்துவ வார்டில் 101க்கு பாரசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது தவறில்லை. நம் வார்டில் அந்த மாத்திரை, பேசிக்கொண்டிருந்த ஒரே சாட்சியின் வாயைக் கட்டிவிடுகிறது. 3.40க்கு நீ பார்த்த 99.6 அப்படி வந்த எண்தான்.

இதைவிடக் கொடியது காய்ச்சலே வராத தொற்று. என் நான்காம் ஆண்டில் நடந்ததைச் சொல்கிறேன். 19 வயதுப் பையன், ரத்தப் புற்றுநோய், சிகிச்சை தொடங்கி மூன்றாம் வாரம், தினமும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து போய்க்கொண்டிருந்தது. நள்ளிரவில், "அக்கா, என்னவோ போல இருக்கு" என்றான். வெப்பமானி 98.8 காட்டியது. தலையைத் தடவிக் கொடுத்து, தூங்கச் சொல்லிவிட்டு வந்தேன். ஸ்டீராய்டு போகிற உடம்பில் காய்ச்சல் எழும்பாமல் போகலாம் என்று பாடத்தில் படித்துத் தேர்வில் எழுதியும் இருந்தேன். அந்த நேரத்தில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அதிகாலை ஐந்து மணிக்கு அவனுக்கு ரத்த அழுத்தம் கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் போய்விட்டான். அன்றிலிருந்து, "என்னவோ போல இருக்கு" என்று ஒரு நோயாளி சொன்னால், வெப்பமானி எதைக் காட்டினாலும், நாடி, ரத்த அழுத்தம், மூச்சு மூன்றையும் என் கையால் பார்த்து எழுதாமல் அந்தக் கட்டிலை விட்டு நகர்ந்ததில்லை.

எழுப்புவதா வேண்டாமா என்பதை 2.40க்கு முடிவு செய்யக் கூடாது, அம்மா. இரவு 8 மணிக்கே முடிவு செய்துவிட வேண்டும். ஓவர் எடுக்கும்போது யார் யாருக்கு இன்று கீமோவுக்குப் பின் எத்தனையாவது நாள், கடைசி ரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை எவ்வளவு, யாருக்கு ஸ்டீராய்டு போகிறது என்று கேட்டு ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள். 22 பேரில் நான்கைந்து பேர்தான் அந்தத் தாளில் வருவார்கள். அவர்களுடைய நரம்பில் போட்டிருக்கும் கேனுலா குழாய் ஓடுகிறதா என்று அப்போதே பார்த்துவிடு. பின்னிரவில் ரத்த அழுத்தம் விழுந்த பிறகு நரம்பு தேடுவது எவ்வளவு கடினம் என்பதை இப்போது அறிந்திருப்பாய். முதல் டோஸ் மருந்து வார்டிலேயே இருக்கிறதா என்று பார். மாலை ரவுண்ட்ஸில் மருத்துவர் நிற்கும்போதே, "இவருக்கு இரவில் 100.4 தாண்டினால் கிருமி பார்க்க ரத்தக் கல்ச்சர் எடுத்துவிட்டு எந்த மருந்தைத் தொடங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள் டாக்டர்" என்று கேள். பகலில் இதைக் கேட்டால் ஒருவரும் கோபித்துக்கொள்வதில்லை. இந்த நோயாளிகளுக்கு ஆசனவாயில் வெப்பம் பார்க்கக் கூடாது, தசையில் ஊசி போடக் கூடாது என்பது உனக்குத் தெரிந்திருக்கும்; புதிதாக வரும் தங்கைகள் படிப்பார்கள் என்பதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

அழைக்கும்போது "டாக்டர், 11ஆம் பெட்டுக்குக் காய்ச்சல்" என்று தொடங்காதே. தூக்கத்திலிருப்பவர் காதில் காய்ச்சல் என்ற சொல் மட்டும் விழுந்தால் பாரசிட்டமால் என்று சொல்லிவிட்டுத்தான் மறுபடி தூங்குவார். "கீமோ முடிந்து பத்தாம் நாள், நேற்றைய நியூட்ரோபில் 200, இப்போது காய்ச்சல் 101.2, நாடி 118, அழுத்தம் 104க்கு வந்திருக்கிறது; கல்ச்சர் எடுக்கிறேன், ஆன்டிபயாட்டிக் ஆர்டர் வேண்டும், நீங்கள் வந்து பார்க்க வேண்டும்" என்று ஒரே மூச்சில் சொல். எந்த மருத்துவரும் இதைக் கேட்டுவிட்டுப் படுத்திருக்க மாட்டார். அழைத்த நேரத்தையும் அவர் சொன்னதையும் கேஸ் ஷீட்டில் எழுது. பத்து நிமிடத்தில் பதில் இல்லையென்றால் அடுத்தவரை அழை.

திட்டு வாங்குவது பற்றி ஒன்றே ஒன்று. தேவையில்லாமல் எழுப்பியதற்காக நான் வாங்கிய திட்டுகளில் ஒன்றுகூட இன்று நினைவில் இல்லை. அந்தப் பையனின் முகம் இருக்கிறது.


தாமிரபரணி

வணக்கம். நான் திருநெல்வேலிக்காரி, ஏழு ஆண்டுகளாக இங்கிலாந்தில் ஒரு அரசு மருத்துவமனையின் புற்றுநோய் வார்டில் இருக்கிறேன். வைகைக்கரை அக்கா எழுதியதற்கு மேல் ஒரு கோணத்தை மட்டும் சேர்க்கிறேன்.

ஊரில் வேலை பார்த்தபோது நானும் உங்களைப் போலவே தயங்கியிருக்கிறேன். இங்கே வந்த பிறகு எனக்குத் துணிச்சல் கூடிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். துணிச்சலே தேவைப்படாதபடி ஒரு முறை இருக்கிறது. ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017இல் திருத்தி வெளியிட்ட நியூஸ்-2 என்ற மதிப்பெண் அட்டையில் மூச்சு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடி, நினைவு, வெப்பம் என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. கூட்டுத்தொகை 5ஐ எட்டினால் மருத்துவரை அவசரமாக அழைத்தே ஆக வேண்டும். 7 என்றால் அவசரக் குழுவே வர வேண்டும். உங்கள் 11ஆம் படுக்கை அம்மாவின் 2.40 மணி எண்களை அதில் போட்டுப் பார்த்தேன்: மூச்சு 24க்கு 2, நாடி 118க்கு 2, அழுத்தம் 104க்கு 1, வெப்பம் 101.2க்கு 1; மொத்தம் 6. ஒவ்வொரு எண்ணும் தனியாகப் பார்க்கும்போது பயமுறுத்தவில்லை. அதனால்தான் காத்திருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. கூட்டிப் பார்த்திருந்தால் தயங்குவதற்கே இடம் இருந்திருக்காது. என்னைத் திட்ட விரும்பும் மருத்துவரிடம், "ஆறு வந்திருக்கிறது டாக்டர்" என்று சொன்னால் போதும். அழைத்தது நானாக இல்லாமல் அந்த அட்டையாக ஆகிவிடுகிறது.

வெள்ளணு குறைந்தவர்களின் தொற்றுக்கு இந்நாட்டின் வழிகாட்டு நெறி 2012இல் வந்தது. ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் சந்தேகம் வந்தவுடனே ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும் என்பதே அதன் சாரம். சில மருத்துவமனைகளில், பயிற்சி பெற்ற செவிலியர் மருத்துவர் வந்து சேர்வதற்கு முன்பே முதல் டோஸைக் கொடுக்க எழுத்துப்பூர்வமான அனுமதியும் உண்டு. அந்த அனுமதி உங்கள் ஊரில் உடனே கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் மதிப்பெண் அட்டையை ஒரு தாளில் அச்சிட்டு வார்டில் வைத்துக்கொள்ள இன்சார்ஜ் சிஸ்டரின் சம்மதம் போதும்.

இன்னொன்று: அந்த இரவைப் பற்றி உங்கள் இன்சார்ஜிடம் எழுத்தில் சொல்லிவிட்டீர்களா? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் யாரிடமும் சொல்லவில்லை என்று தோன்றுகிறது. நேரத்தோடு நடந்தது நடந்தபடி எழுதிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த மாதம் அதே வார்டில் இன்னொரு தங்கை 2.40க்கு அதே இடத்தில் நிற்பாள்.


காவிரிக்கரை

சகோதரிக்கு வணக்கம்.

நான் ஆண் செவிலியர். கோழிக்கோட்டில் நோய்த்தணிப்புப் பராமரிப்பில் (தீவிர நோயாளிகளின் வலியையும் வேதனையையும் தணிக்கும் பணி) பயிற்சி பெற்று, ஒன்பது ஆண்டுகளாக அதே பணியில் இருக்கிறேன். உங்களுடைய 6ஆம் படுக்கைப் பெரியவரைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில், அவருக்குத் தெரியும். பக்கத்துப் படுக்கைக்காரரின் தலையில் முடி இல்லை என்பதைப் பார்க்கிறார்; வாசலில் தொங்கும் பலகையை ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே படித்திருப்பார்; மகன் மருத்துவரோடு வராந்தாவில் நின்று பேசிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவதை ஒவ்வொரு நாளும் பார்க்கிறார். வயிற்றுப்புண்ணுக்கு இவ்வளவு நடக்காது என்பது அறுபது வருடம் வாழ்ந்தவருக்குப் புரியாமல் போகாது. மகன் தூங்கும் நேரமாகப் பார்த்து அவர் உங்களிடம் கேட்டிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். அவருக்கு வேண்டியது நோயின் பெயராக மட்டும் இருந்திருந்தால் பகலில் மருத்துவரிடம் கேட்டிருக்கலாம். தான் தனியாகச் சுமந்துகொண்டிருப்பதைப் பேச ஓர் ஆள் கிடைக்குமா என்றுதான் அவர் தேடியிருக்கிறார். "ஒண்ணுமில்லீங்க" என்ற பதிலால் அந்தக் கதவு மூடிக்கொண்டது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நாம் எல்லோருமே அந்தச் சொல்லைச் சொல்லித்தான் வளர்ந்திருக்கிறோம். காயம் பட்ட குழந்தையிடமும் அதைத்தான் சொல்கிறோம்.

நோயின் பெயரையோ மிச்சமிருக்கும் காலத்தையோ பின்னிரவில் நீங்களாக அறிவிக்கக் கூடாது. அது சிகிச்சை தரும் மருத்துவர் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். ஆனால் பொய் சொல்லவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்க நிறைய இடம் இருக்கிறது. கையில் இருக்கும் டிரிப் பாட்டிலை வைத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். "ஏனுங்க ஐயா, இப்ப இந்த நெனப்பு வந்துச்சு? உங்க மனசுல என்ன ஓடுது?" என்று கேளுங்கள். அதன்பின் பேசாமல் இருங்கள். பத்து நொடி மௌனம் அந்த நேரத்தில் மிக நீளமாகத் தெரியும், அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். அவர், "புத்துநோயின்னுதான் நெனக்கிறேன்" என்று சொன்னால் மறுக்காதீர்கள். "அதை நெனச்சுத் தனியாப் படுத்துக்கிட்டு இருக்கீங்களா ஐயா" என்று மட்டும் சொல்லலாம். "நாளைக்கு டாக்டர்கிட்ட நீங்களே நேராக் கேக்குறீங்களா? நான் சொல்லி வெக்கட்டுமா?" என்று கேட்கலாம். அவர் வேண்டாம் என்றால் அதுவும் அவருடைய உரிமை. எல்லோரும் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள விரும்புவதில்லை. எந்த அளவுக்குத் தெரிய வேண்டும் என்பதை அவரிடமிருந்தே அறிய வேண்டும்.

மகனைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். அவர் மறைப்பது பாசத்தினால்தான். காலையில் அவரைத் தனியே அழைத்து, "அப்பா ராத்திரி என்னிடம் இப்படிக் கேட்டார்" என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். பல வீடுகளில் நான் கண்டது ஒன்று உண்டு. அப்பாவுக்குத் தெரிந்தால் உடைந்துபோவார் என்று மகன் மறைப்பார். எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொண்டால் பையன் தாங்கமாட்டான் என்று அப்பா மறைப்பார். ஒரே அறையில் இருவரும் தனித்தனியே அழுதுகொண்டிருப்பார்கள். நிலத்தை எழுதிவைப்பது, கடனைச் சொல்வது, பேசாமல் இருக்கும் தம்பியை வரச்சொல்வது என்று அந்தப் பெரியவருக்கு முடிக்க வேண்டிய வேலைகள் இருக்கக்கூடும். மறைப்பு நீடித்தால் அவற்றுக்கான நாள்கள் போய்விடும்.

இதோடு ஒட்டிய மற்றொன்றைக் கேட்கிறேன். அவர் பின்னிரவில் விழித்திருந்தது எதனால்? வலி இருந்ததா என்று பார்த்தீர்களா? பகலில் ஆட்கள், பேச்சு, வெளிச்சம் என்று கவனம் சிதறும். இரவில் வலியும் மனிதரும் மட்டும்தான். வாய்வழி மார்ஃபின் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்கப்படுகிறது என்றால், இரவு 10 மணிக்கு இரட்டை டோஸ் கொடுத்து, 2 மணி டோஸுக்காக எழுப்பாமல் விடுவது பரவலான நடைமுறை. அவருடைய ஆர்டரில் அப்படி இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இடையில் வலி பீறிட்டால் கொடுக்க வேண்டிய கூடுதல் டோஸும் எழுதப்பட்டிருக்க வேண்டும். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் நெடுங்காலம் பல மருத்துவமனைகள் மார்ஃபினையே வைத்துக்கொள்ளத் தயங்கின. 2014இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அங்கீகாரம் பெறுவது எளிதாகியிருக்கிறது. ஆனால் அலமாரியில் மருந்து இருந்தும், பதிவேட்டில் இரண்டு கையெழுத்து வேண்டும் என்பதற்காகவும், மார்ஃபின் கொடுத்தால் உயிர் போய்விடுமோ என்ற அச்சத்தாலும், பின்னிரவில் அதை எடுக்காத செவிலியரை நான் பார்த்திருக்கிறேன். வலிக்கு ஏற்ற அளவில், படிப்படியாகக் கூட்டப்பட்ட மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. மூச்சை எண்ணுங்கள், நிமிடத்துக்கு எட்டு அளவுக்கு இறங்கி, எழுப்பியும் எழாமல், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால் உடனே அழையுங்கள். நாள்கணக்கில் தூங்காதவர் வலி தணிந்ததும் அயர்ந்து தூங்குவது வேறு. அதைக் கண்டு பயந்து அடுத்த டோஸை நிறுத்திவிடாதீர்கள். மலமிளக்கி கூடவே போகிறதா என்பதையும் பாருங்கள்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவரிடம் மறுபடி போகலாம். "அன்னிக்கு நீங்க கேட்டப்போ நான் சரியாப் பதில் சொல்லலீங்க ஐயா" என்று நீங்களே தொடங்குங்கள்.


வெண்ணாறு

நான் செவிலியர் அல்லள். 2022இல் சினைப்பைப் புற்றுநோயோடு ஐந்து மாதம் போராடிய என் அம்மாவுக்குத் துணையாக, சென்னையில் ஒரு மருத்துவமனையில் ஏறக்குறைய அறுபது இரவுகள் வார்டில் படுத்திருந்தவள். கட்டிலின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

இரவில் இரண்டு விதமான செவிலியர்கள் வருவார்கள். ஒருவர் வந்ததும் விளக்கைப் போடுவார். 14 பேர் விழித்துக்கொள்வார்கள். இன்னொரு சிஸ்டர் கையில் சிறிய டார்ச் வைத்திருப்பார்; அதைத் தரையை நோக்கிப் பிடித்துக்கொண்டு வருவார். அம்மாவைத் தொடுவதற்கு முன்னால், "அம்மா, நான்தான், டிரிப் பாக்க வந்தேன்" என்று சொல்வார். கண் தெரியாத இருட்டில் ஒரு கை வந்து தொடுவதற்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத் தொடுவதற்கும் உள்ள வேறுபாட்டை அம்மாவின் தோளில் என்னால் பார்க்க முடிந்தது. வாயெல்லாம் புண்ணாகி எச்சில் விழுங்க முடியாமல் தவித்த ஒரு பின்னிரவில், உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரைக் கொண்டுவந்து கொப்பளிக்க வைத்து, அரை மணி நேரம் அருகிலேயே நின்றவரும் அவர்தான். அம்மா போய்விட்டார். அந்தச் சிஸ்டரின் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. காலடிச் சத்தம் நினைவிருக்கிறது.

அம்மாவிடம் நாங்களும் மறைத்தோம். மேலே காவிரிக்கரை அவர்கள் எழுதியிருப்பதைப் படித்தபின் வெகுநேரம் அழுதேன். எங்களிடம் யாராவது ஒருவர், "அம்மா இப்படிக் கேட்டார்" என்று வந்து சொல்லியிருந்தால், அவருடைய கடைசி மூன்று வாரங்கள் வேறு மாதிரி இருந்திருக்கும். தங்கை, அந்த மகனிடம் தயவுசெய்து பேசுங்கள்.


நொய்யல்

உங்கள் அனைவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. தாமிரபரணி அக்கா, நீங்கள் ஊகித்தது சரி, யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்சார்ஜ் சிஸ்டர் படித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கும் இப்படி ஒரு ராத்திரி இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஒரு கேள்வி விட்டுப்போயிற்று. ஆறாம் இரவில் என் மூளை ஓடுவதில்லை. 11ஆம் படுக்கை சம்பவம் நடந்ததும் ஐந்தாம் இரவில்தான். இரவுப் பணியே புற்றுநோயை உண்டாக்கும் என்று எங்கோ படித்துவிட்டு அம்மா வேலையை விடச் சொல்கிறார். இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?


வைகைக்கரை

அம்மா பயப்படுவதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் இரவுப் பணியைப் 'அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற 2ஏ பிரிவில் வைத்தது; 2019இல் மறுபடி ஆராய்ந்தும் அதே பிரிவில்தான் வைத்திருக்கிறது. ஆட்டு, மாட்டு இறைச்சியும், 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்களும்கூட அதே பிரிவில் இருக்கின்றன. ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது; ஒருவருக்கு ஆபத்து எவ்வளவு என்பதை அது சொல்வதில்லை. இதை அம்மாவிடம் அப்படியே சொல். மார்பகப் பரிசோதனையை ஒழுங்காகச் செய்துகொள்வேன் என்றும் சொல்.

உண்மையில் நீ கவலைப்பட வேண்டியது தொடர்ச்சியாக ஆறு இரவுகள் என்பதைப் பற்றித்தான். மூன்று அல்லது நான்கு இரவுகளாகப் பிரித்துத் தரும்படி நீயும் உன் தோழிகளும் சேர்ந்து கேளுங்கள், தனியாகக் கேட்காதே. பின்னிரவு 3 மணியிலிருந்து 5 மணி வரை உடம்பு தானாகவே அடங்கும் நேரம். மருந்துக் கணக்கு எதையும் அப்போது ஒற்றை ஆளாகப் போடாதே. அதிக அளவு மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்து போன நோயாளிக்கு, அதன் நச்சுத்தன்மையைத் தடுக்கும் லூகோவோரினை ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்கும்போது ஒரு டோஸ் இரவில்தான் வந்து நிற்கும். அதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பது உனக்குத் தெரியும், ஆகவே அதற்குக் கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொள். மருத்துவமனை அனுமதித்தால் இருவரும் மாறி மாறி இருபது நிமிடம் கண்ணயரலாம். அதற்கு மேல் போனால் எழும்போது தலை சுற்றும். இரண்டு மணிக்கு மேல் காபி வேண்டாம். காலையில் வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணிந்துகொள், ஜன்னலில் கெட்டியான போர்வையைத் தொங்கவிட்டுப் படு. ஸ்கூட்டியில் போகிறாயா? ஐந்தாம், ஆறாம் இரவுக்குப் பிறகு பேருந்தில் போ. எங்கள் வார்டுத் தங்கை ஒருத்தி காலை 8.30 மணிக்குச் சாலையில் விழுந்து காலை உடைத்துக்கொண்டாள்.


நொய்யல் (பதினோரு நாள்களுக்குப் பிறகு)

மதிப்பெண் அட்டை மருந்து அலமாரியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. கீமோ முடிந்தவர்களுக்கான காய்ச்சல் ஆர்டரை மாலை ரவுண்ட்ஸிலேயே எழுதித் தர முதுநிலை மருத்துவர் ஒப்புக்கொண்டார். முந்தாநாள் இரவு 1.15க்கு 17ஆம் படுக்கைக்கு 100.8, கல்ச்சர் எடுத்து, டூட்டி டாக்டரை அழைத்துச் சொல்லி, 1.45க்கு மருந்தைத் தொடங்கிவிட்டோம்.

6ஆம் படுக்கைப் பெரியவரிடம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்றேன். அவர், "தெரியும் அம்மிணி, நீ சின்னப் புள்ள" என்றார். பிறகு அவராகவே பேசினார். மறுநாள் மகனிடம் சொன்னேன். முதலில் கோபப்பட்டார், பிறகு வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் கழித்து மருத்துவர், அப்பா, மகன் மூவரும் பேசினார்கள். திங்கட்கிழமை அவரை வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். மார்ஃபின் மாத்திரையை எப்போது, எப்படிக் கொடுப்பது என்று மகனுக்கு நேற்றிரவு சொல்லிக்கொடுத்தேன். இரவு 10 மணிக்கு இரட்டை டோஸ் என்பதை அவர் தன் கையாலேயே அட்டையில் எழுதிக்கொண்டார்.